எல்லை தாண்டிய வெள்ளி!

'காலைல நாலு மணிக்கு மொட்டை மாடியில என்ன வேலை?'னு யாராவது கேட்டா, இன்ஜினீயரிங் பசங்ககிட்ட ஒரே பதில்தான்... செமஸ்டர்!

2025 மே மாதம். ஆமத்தூர் வெயில் எப்படி இருக்கும்னு விருதுநகர்ப் பக்கம் சொந்தக்காரங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. ராத்திரிகூட ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தா நோட்ஸ் பேப்பர் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் புத்தகம், பாய், மொபைல் டார்ச் சகிதம் நானும் ரூம்மேட்டும் ஹாஸ்டல் மாடிக்குக் குடி போயிருந்தோம்.

"மாப்ள... அங்க பாருடா!"

கிழக்கே, அருப்புக்கோட்டைப் பக்கம், கருவேல மரங்களுக்கு மேலே ஒரு வெளிச்சம்.

எங்க ஊர் வானத்துக்கு வெளிச்சம் புதுசு இல்லை. சிவகாசி சுற்றுவட்டாரம் முழுக்க பட்டாசு ஆபீஸ்கள் (எங்க பக்கம் ஃபேக்டரினு சொல்ல மாட்டாங்க, ஆபீஸ்தான்!). புது ரகம் ஏதாவது தயாரானா மேலே விட்டுப் பார்ப்பாங்க. சிவப்பு வந்தா ஸ்ட்ரான்ஷியம், நீலம் வந்தா தாமிரம்னு கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறக்காமலே சொல்ற ஆளுங்க இங்கே உண்டு. நேரங்கெட்ட நேரத்தில் வானம் திடீர்னு வெளுத்தா, 'எந்த ஆபீஸ்?'னுதான் முதல் கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற பயம் வெளியூர்க்காரங்களுக்குச் சட்டுனு புரியாது.

ஆனா, இது அந்த ரகமே இல்லை. பட்டாசுன்னா மேலே போகும், வெடிக்கும், உதிரும். இது உதிரலை. சத்தம் இல்லை. கண்ணுகூட சிமிட்டலை. சும்மா நின்னு எங்களையே முறைச்சுது.

அது எந்த வாரம்னு ஞாபகம் இருக்கா? 'ஆபரேஷன் சிந்தூர்' நடந்துக்கிட்டிருந்த வாரம். மேற்கு எல்லையில் ராத்திரி ராத்திரியா ட்ரோன்கள் வந்ததும், நம்ம ஆளுங்க சுட்டு வீழ்த்தினதும் எல்லார் போனிலும் ஓடிக்கிட்டிருந்த நேரம். பத்து நிமிஷத்தில் மாடியில் ஒன்பது பேர். "நம்ம பக்கமாத்தான் வருது" என்றான் ஒருத்தன். "அதுல சிவப்பு லைட் ஒண்ணு மினுக்குது" என்றான் இன்னொருத்தன். "போலீஸுக்கு போன் போடலாமா?" என்ற லெவலுக்கு மேட்டர் போய்விட்டது. சத்தியமாச் சொல்றேன், எனக்கும் அது நகர்ற மாதிரிதான் இருந்தது.

கடைசியில் டீக்கடை அண்ணாச்சிதான் கேஸை முடிச்சார். அடுப்பைப் பத்தவெச்சுக்கிட்டு இருந்தவர், நாங்க கை காட்டின திசையில் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளி முளைச்சு முக்கா மணி நேரம் ஆச்சு தம்பி. டீயா, காபியா?"

சிரிக்காதீங்க பாஸ். நாங்க பத்து நிமிஷம் ஏமாந்தோம். இதே வெள்ளியும் கூட ஒரு வியாழனும் சேர்ந்து, நம்ம ராணுவத்தை ஆறு மாசம் தூங்கவிடாம அடிச்ச கதை ஒண்ணு இருக்கு. கொஞ்சம் லடாக் வரைக்கும் வாங்க.

பாங்காங் ஏரி தெரியுமில்லையா? '3 இடியட்ஸ்' கிளைமாக்ஸில் வருமே, அந்த நீல ஏரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,200 மீட்டர் உயரம். ஏரியின் மூன்றில் ஒரு பங்குதான் நம்ம பக்கம், மீதி சீனா வசம். நடுவில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. கோடுன்னா தரையில் பெயின்ட் அடிச்ச கோடு இல்லை. அது எங்கே போகுதுங்கிறதிலேயே ரெண்டு நாட்டுக்கும் ஒத்துப்போகாது. அங்கே தாகுங் என்ற இடத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் ராணுவமும் காவலுக்கு நிற்கிறார்கள்.

2012 ஆகஸ்டில் அங்கிருந்து ரிப்போர்ட்டுகள் வர ஆரம்பித்தன. மஞ்சள் நிறத்தில் உருண்டையாக ஒரு வெளிச்சம் சீனப் பக்கத்துத் தொடுவானத்திலிருந்து எழும்புகிறது, மூணு மணி நேரத்திலிருந்து அஞ்சு மணி நேரம் வரை மெதுவா வானத்தைக் கடக்கிறது, அப்புறம் மறைந்துவிடுகிறது. ஒருநாள் ரெண்டுநாள் இல்லை. அக்டோபர் நடுவுக்குள்ளேயே நூறு தடவைக்கு மேல்! ராணுவத்தோட முதல் சந்தேகம் நியாயமானது. சீனாவின் உளவு ட்ரோன்.

அடுத்து நடந்தது, சினிமாவா எடுத்தா நாமளே நம்ப மாட்டோம். நகரும் ரேடார் ஒன்றை ஏரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ரேடாரில் எதுவும் சிக்கலை. ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்துப் பார்த்தார்கள். (இ.சி.இ. மக்களே, நம்ம லேப்ல தூசு படிஞ்சு கிடக்குமே, அதோட அண்ணன்.) ட்ரோன்னா தரையோடு ஏதாவது ஒரு அலைவரிசையில் பேசித்தானே ஆகணும்? இது ஊமை. ஒரு சிக்னல்கூட வரலை. சரி, நேர்லயே போய்ப் பார்த்துடலாம்னு நம்ம தரப்பிலிருந்து ஒரு குட்டி ட்ரோனையே மேலே அனுப்பினார்கள். அது தன்னால் முடிந்த உச்சிவரை போயும், அந்த வெளிச்சத்தைத் தவறவிட்டதுதான் மிச்சம். பாவம் அந்த ட்ரோன். அது துரத்தினது கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒண்ணை!

டி.ஆர்.டி.ஓ.வையும் தொழில்நுட்ப உளவு அமைப்பான என்.டி.ஆர்.ஓ.வையும் கூப்பிட்டார்கள். விடை கிடைக்கலை. 2012 நவம்பரில் விஷயம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. 'லடாக்கில் பறக்கும் தட்டு!' என்று உலகம் முழுக்கத் தலைப்புகள். கடைசியில் அன்றைய பாதுகாப்புத் துறை அமைச்சர் ஏ.கே.அந்தோணி, பறக்கும் தட்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்ல வேண்டி வந்தது.

2013 பிப்ரவரி வரைக்கும் கணக்கு என்ன தெரியுமா? மொத்தம் 329 தடவை பார்த்ததாகப் பதிவு. அதில் 155 தடவை அந்தப் பொருள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம்ம வான்பரப்புக்குள் நுழைந்ததாகப் பதிவு.

இந்த 155 என்ற எண்ணை மறந்துடாதீங்க. மறுபடி வருவோம்.

கடைசியில் கேஸ் இந்திய வானியற்பியல் மையத்திடம் போனது. பெங்களூரில் தலைமையகம். இவங்க நமக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை, சொந்த வீட்டுக்காரங்க. 18-ம் நூற்றாண்டு மெட்ராஸ் வான் ஆய்வகத்தில் ஆரம்பிச்சு, கொடைக்கானல் சூரிய ஆய்வகம் வழியா வந்த பரம்பரை. ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி இருக்கே, அதுவும் இவங்களுடையதுதான். லடாக்கில் பாங்காங் ஏரிக்குத் தெற்கே ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இவங்களுக்கு இன்னொரு ஆய்வகம் உண்டு. வானத்தைப் பார்க்கிறதையே பொழைப்பா வெச்சிருக்கிற ஆளுங்க!

ஆனா, ஒரு ட்விஸ்ட். முதல் சுற்றிலேயே விடை வந்துடலை. 2012 செப்டம்பர் கடைசியில் ஹன்லேயிலிருந்து போன குழு மூணு நாள் பார்த்தது. அது விண்பொருள் இல்லை, கோளும் இல்லை என்றுதான் அந்தக் குழு சொன்னதாக ராணுவத் தரப்பிலிருந்து அப்போது செய்தி வந்தது. நிபுணர்கள் என்றாலும் மூணு நாள் போதலை போல. அல்லது அவங்க சொன்னது வேற, செய்தியா வெளியே வந்தது வேற. எப்படியோ, பிறகு விஞ்ஞானிகள் ராணுவத்திடம் கேட்டது ரேடாரும் இல்லை, ட்ரோனும் இல்லை. 'காவலுக்கு நிற்கிறவங்க அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போது, பக்கத்து நட்சத்திரங்களை வெச்சு அது எங்கே இருக்குன்னும் சேர்த்துக் குறிச்சுக் கொடுங்க.'

அவ்ளோதான் சார். டைரியில் ஒரு காலம் எக்ஸ்ட்ரா!

குறிப்புகள் வந்தன. ஒரு பொருள் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் தொடுவானத்தில் தெரியுது. இன்னொண்ணு விடிகாலை நாலு மணி வாக்கில். ரெண்டும் நட்சத்திரங்களோடு சேர்ந்தே நகருது. 2013 ஜூலையில் முடிவு செய்தியாக வெளியானது. முதல் ஆசாமி வியாழன். ரெண்டாவது ஆசாமி வெள்ளி.

நாலு மணி... வெள்ளி... அண்ணாச்சி ஞாபகத்துக்கு வர்றாரா?

இதில் இருக்கிற கணக்கு ரொம்ப அழகு. அது மட்டும் கொஞ்சம் பொறுமையாப் படிங்க, எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. பூமி தன்னைத்தானே சுற்றும்போது சூரியனையும் சுற்றி வருவதால், ஒரு நட்சத்திரம் இன்னிக்கு உதிச்ச நேரத்தைவிட நாளைக்குச் சுமார் நாலு நிமிஷம் முன்னாடி உதிக்கும். நாலு நிமிஷம் சின்ன விஷயமாத் தெரியும். முப்பது நாளைக்கு ரெண்டு மணி நேரம்! வியாழன் நட்சத்திரங்களுக்கு நடுவில் ஆமை மாதிரி நகர்ற கோள் என்பதால் அதுவும் ஏறத்தாழ இதே தாளத்தில்தான் போகும். 2012 ஆகஸ்ட் ஆரம்பத்தில் வியாழன் உதிச்சது நள்ளிரவு தாண்டி. டிசம்பர் 3-ம் தேதி அது சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. அதாவது, சூரியன் மேற்கே மறையும்போது கிழக்கே வியாழன் எழும்பும். நாலு மாசத்தில் எட்டு மணி நேரம் முன்னாடி வந்திருக்கு. கணக்கு டேலி ஆகுதா? எந்த ட்ரோன் பைலட்டும் தினமும் நாலு நிமிஷம் சீக்கிரமா டியூட்டிக்கு வர மாட்டார்.

வெள்ளியோட கதை வேற. அது சூரியன் பக்கத்திலேயே சுத்துற ஆள். அந்த ஆகஸ்ட் 15 அன்றுதான் (ஆமா, சுதந்திர தினம்!) காலை வானத்தில் சூரியனைவிட்டு அதிகபட்ச தூரத்தில், சுமார் 46 டிகிரி விலகி நின்றது. அதுக்கப்புறம் அது உதிக்கிற நேரம் வியாழன் மாதிரி வேகமா மாறலை. மெதுவாத்தான் தள்ளிப் போச்சு. தினமும் கிட்டத்தட்ட அதே நேரம், அதே திசை. காவலுக்கு நிற்கிறவன் கண்ணில் இதைவிடப் பக்காவான 'ரோந்து ஷெட்யூல்' என்ன இருக்க முடியும், சொல்லுங்க?

கூடவே இடம். பாங்காங் பக்கம் காற்று மெலிசு. கடல்மட்டத்தில் இருக்கிற அழுத்தத்தில் சுமார் அறுபது சதவீதம்தான். தூசு இல்லை, தெருவிளக்கு இல்லை. வெள்ளி, வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸைவிடச் சுமார் பத்து மடங்கு பிரகாசம். நம்ம ஊர்ப் புழுதி வானத்திலேயே எங்களை மிரட்டின வெள்ளி, அங்கே எப்படி இருந்திருக்கும்!

இப்போ நான் ரொம்ப ரசிச்ச ஒரு விஷயம். மேப்பை எடுத்து ஆமத்தூரில் விரலை வெச்சு நேரா மேலே கொண்டு போங்க. நம்ம தீர்க்கரேகை சுமார் 78 டிகிரி. தாகுங்குக்கும் நமக்கும் ஒரு டிகிரி வித்தியாசம்கூட இல்லை. அதாவது, 2012-ல் லடாக் வானத்தில் எந்த வியாழன் உச்சிக்கு வந்ததோ, அதே வியாழன் நாலே நிமிஷத்துக்குள் ஆமத்தூருக்கும் உச்சியில் நின்னிருக்கு. இங்கே பட்டாசு ஆபீஸ் வாட்ச்மேன் அதைப் பார்த்துட்டு பீடியைப் பத்தவெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அங்கே அதே வெளிச்சம் ஒரு அத்துமீறல் நம்பர்!

'நம்ம ஆளுங்களுக்கு நட்சத்திரம்கூடத் தெரியலையா?'னு நக்கல் அடிக்கிறதுக்கு முன்னாடி நிலைமையையும் பாருங்க. இந்த ரிப்போர்ட்டுகளுக்கு ரெண்டே மாசம் கழிச்சு, 2013 ஏப்ரலில், அதே லடாக்கில் தெப்சாங் பகுதியில் சீனப் படை கூடாரம் போட்டு உட்கார்ந்தது. மூணு வாரம் ரெண்டு ராணுவமும் எதிரெதிரே நின்றன. 2020-ல் கல்வானில் நடந்தது உங்களுக்கே தெரியும். நம்ம பக்கம் மட்டும் 20 வீரர்கள் உயிரிழந்தாங்க. அதில் ஒருத்தர் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அப்படிப்பட்ட எல்லையில், உறைபனியில், விடிகாலை நாலு மணிக்கு நிற்கிறவன் ஒரு வெளிச்சத்தைச் சந்தேகப்படலைன்னாதான் தப்பு. அவன் கண்ணில் தெரிஞ்சதைத்தான் எழுதினான். பொய் சொல்லலை. நேரம்கூடச் சரியாத்தான் குறிச்சிருக்கான்.

தப்பு அடுத்த ஸ்டெப்பில். 155-க்கு வருவோம்.

'பார்த்தேன்' என்பது ஒரு விஷயம். 'கோட்டைத் தாண்டியது' என்பது வேற விஷயம். தாண்டியதுன்னு சொல்லணும்னா அது எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு தெரியணும். இருட்டில் தனியா நிற்கிற ஒரு வெளிச்சப் புள்ளியோட தூரத்தைக் கண்ணால் சொல்லவே முடியாது. பக்கத்தில் இருக்கிற சின்ன லைட்டும், ரொம்பத் தூரத்தில் இருக்கிற பெரிய லைட்டும் கண்ணுக்கு ஒண்ணுதான். போதாக்குறைக்கு, இருட்டில் அசையாத புள்ளியையே உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தா, அது தானா ஊர்ற மாதிரி தெரியும். கண்ணோட கோளாறு இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான். 'நம்ம பக்கமாத்தான் வருது'ன்னு எங்க மாடியில் கத்தினானே, அவனும் பொய் சொல்லலை.

பட்டாசு ஊர்க்காரனுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஷாட் மேலே வெடிக்கிற வெளிச்சம் முதலில், சத்தம் பின்னாடி. நடுவில் மூணு எண்ணினா ஒரு கிலோமீட்டர், ஆறு எண்ணினா ரெண்டு. சத்தம் செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர்தானே போகும். ஹாஸ்டல் மாடியில் இருந்தே எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் டெஸ்ட்டிங் நடக்குதுன்னு நாங்க பந்தயம் கட்டுவோம். வெளிச்சத்தோடு சத்தமும் வர்றதால்தான் அந்தத் தூரம் கிடைக்குது. சத்தமே போடாத வெளிச்சத்திடம் இந்த வித்தை பலிக்காது.

இன்னொண்ணு யோசிச்சீங்களா? பூமி மேற்கிலிருந்து கிழக்காச் சுத்துது. அதனால் சூரியன், நிலா, வியாழன், வெள்ளி எல்லாமே கிழக்கே உதிச்சு மேற்கே போகும். பாங்காங்கில் கிழக்குன்னா சீனா, மேற்குன்னா இந்தியா. ஸோ, வானத்தில் உதிக்கிற எதுவுமே சீனாவில் கிளம்பி இந்தியாவுக்குள் நுழையத்தான் செய்யும். இந்தக் கணக்குப்படி சூரியன்மேலேயே வருஷத்துக்கு 365 அத்துமீறல் கேஸ் போடலாம்!

சிரிப்பா இருந்தாலும் விஷயம் சீரியஸ். '155 முறை அத்துமீறல்' என்ற வரி கீழேயிருந்து மேலே போகப் போக, யாரும் அதைத் திருப்பி 'எப்படிங்க அளந்தீங்க?'னு கேட்க மாட்டாங்க. அது ஒரு புள்ளிவிவரம் ஆகிடும். புள்ளிவிவரத்தை வெச்சு முடிவு எடுப்பாங்க. முடிவில் துப்பாக்கியும் ஒரு ஆப்ஷன். லடாக்கில் அந்த ஆறு மாசமும் யாரும் அந்த வெளிச்சத்துக்காகச் சீனாவோடு மல்லுக்கு நிற்கலை. சந்தேகத்தைத் தீர்க்க விஞ்ஞானிகளைக் கூப்பிட்டாங்க. அதுக்கு ஒரு சல்யூட் வெச்சே ஆகணும்.

எல்லா இடத்திலும் இந்தப் பொறுமை இருக்கிறதில்லை. 2023 பிப்ரவரி 4-ம் தேதி அமெரிக்கா ஒரு சீன பலூனைச் சுட்டு வீழ்த்தியது. அது நிஜமாவே சீன பலூன்தான், நோ டவுட். அதுக்கப்புறம் பதற்றத்தில் ரேடார்களைச் சின்னச் சின்னப் பொருள்களும் விழற மாதிரி டியூன் பண்ணினாங்க. அடுத்த வாரமே 10, 11, 12 என்று வரிசையா மூணு நாள், மூணு பொருள்களைப் போர் விமானம் வைத்து ஏவுகணையால் அடிச்சாங்க. கடைசியில் அந்த மூணும் தனியார் நிறுவனமோ ஆராய்ச்சிக்காரர்களோ விட்ட பலூன்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு அந்நாட்டு அதிபரே சொன்னார்.

அதே வருஷம் நம்ம நாட்டிலும் ஒண்ணு நடந்தது. 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை மதியம். மணிப்பூர் தலைநகர் இம்பால் விமான நிலையத்துக்கு மேலே அடையாளம் தெரியாத ஒரு பொருள். விமானப் போக்குவரத்தைச் சில மணி நேரம் நிறுத்தினார்கள். மேற்கு வங்கத்தின் ஹாசிமாரா தளத்திலிருந்து ரஃபேல் விமானங்கள் தேடப் போயின. ஒண்ணும் சிக்கலை.

அமெரிக்க விமானப்படை இந்த மாதிரிப் புகார்களுக்காகவே 'புராஜெக்ட் ப்ளூ புக்'னு ஒரு திட்டம் நடத்தியது. 1947-லிருந்து 1969-ல் மூடும்வரை சேர்ந்த புகார்கள் 12,618. அதில் 701-க்குத்தான் விடை கிடைக்கலை. மீதி எல்லாம் நட்சத்திரம், கோள், விமானம், பலூன், மேகம் இத்யாதி. பிரிட்டன் பாதுகாப்புத் துறையும் பல வருஷமா புகார் வாங்கி வாங்கி, 2009-ல் 'போதும்டா சாமி'னு அந்த டெஸ்க்கையே மூடிவிட்டது.

பெரிய ஆளுங்க மாட்டிக்கிட்ட கதையும் உண்டு. 2024 டிசம்பர். அமெரிக்காவின் நியூஜெர்சி பக்கம் ராத்திரியானா ட்ரோன், ட்ரோன்னு ஒரே அலறல். மேரிலாண்ட் மாநில முன்னாள் ஆளுநர் லேரி ஹோகன், தன் வீட்டுக்கு மேலேயே டஜன் கணக்கில் ட்ரோன்கள் நிற்குதுன்னு வீடியோ எடுத்துப் போட்டார். அதில் பளிச்சுனு தெரிஞ்ச மூணு புள்ளிகள் ஓரியன் விண்மீன் கூட்டத்து இடுப்புப் பட்டை! எட்டாவது படிக்கிற பையன்கூட அடையாளம் சொல்ற மூணு நட்சத்திரம்.

ஒரு காலத்தில் நம்ம ஊரில் இந்தக் குழப்பம் வர வாய்ப்பே இல்லை. 'வெள்ளி முளைச்சாச்சு, எந்திரி'ன்னுதான் வீட்டில் எழுப்புவாங்க. கமலை ஓட்டப் போறவர், வண்டி பூட்டுறவர், அதிகாலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்புறவர் எல்லாருக்கும் அதுதான் அலாரம். எங்க அண்ணாச்சி பள்ளிக்கூடம் தாண்டாதவர். சின்ன வயசில் பட்டாசு ஆபீஸ் வேனுக்கு இருட்டோட எழுந்து ஓடினவர். அவருக்கு வெள்ளி எந்த மாசம் காலையில் வரும், எப்போ சாயங்காலத்துக்கு மாறும்னு அத்துப்படி. நாங்க மூணு வருஷமா சிக்னல், சிஸ்டம், ஆன்டெனான்னு படிச்சவங்க. அலாரம் போனுக்குள் போனதும் வெள்ளி எங்களுக்கு ட்ரோன் ஆகிடுச்சு.

சரி, அடுத்த தடவை உங்க மாடியில் ஒரு வெளிச்சம் தெரிஞ்சா என்ன பண்ணலாம்? ரேடார் வேணாம். கையை நீட்டி முஷ்டியை மடக்குங்க. கண்ணுக்கு நேரா நீட்டின முஷ்டியோட அகலம் வானத்தில் சுமார் பத்து டிகிரி. வானம் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி நகரும், அதாவது ஒன்றரை முஷ்டி. பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சுக்குங்க. உங்க மர்ம வெளிச்சத்துக்கும் அதுக்கும் எத்தனை முஷ்டி இடைவெளின்னு எழுதுங்க. நேரத்தையும் எழுதுங்க. அரை மணி நேரம் கழிச்சு மறுபடி அளந்து பாருங்க. ரெண்டும் சேர்ந்தே நகர்ந்து, இடைவெளி அப்படியே இருந்தா, அது வானத்து ஆசாமி. இடைவெளி மாறினா, அப்போ போலீஸுக்கு போன் போடலாம். கையில் டைரியோடு போனா அவங்களுக்கும் உதவியா இருக்கும்.

நாங்களும் செஞ்சோம். மறுநாள் காலை அதே மாடி. என் சர்க்யூட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரூம்மேட் கையெழுத்தில் இப்பவும் இருக்கு: '4.30 - தண்ணி டேங்குக்கு மேல அரை முஷ்டி. அதுக்கும் மேல மங்கலா இன்னொண்ணு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் கம்மி. 5.10 - டேங்குக்கு மேல ஒன்றரை முஷ்டி. நடுவுல அதே கேப்.'

அந்த மங்கலான இன்னொண்ணு சனின்னு அப்புறம் தேடிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம். நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் அண்ணாச்சிகிட்ட பெருமையாக் காட்டினேன். அடுப்புப் பக்கம் சாய்ச்சு வெச்சுப் படிச்சார். கொஞ்சம் யோசிச்சார்.

"இன்னிக்குப் பரீட்சை எத்தனை மணிக்கு தம்பி?"